மாம்பழச் சாஸ்

மாம்பழச் சாஸ் என்பது பழுத்த மாம்பழத்தின் சதையை அரைத்து, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சூடாக்கிச் செய்யப்படும் ஒரு பண்டமாகும். இது இனிப்பும் இலேசான புளிப்பும் கலந்த சுவையும், ஊற்றினால் மெதுவாக வழியும் பதமும் கொண்டது. ஐஸ்கிரீம், தயிர், கேக், ரொட்டி, தோசை போன்றவற்றின் மேல் ஊற்றி உண்ணப்படுகிறது. பாலுடனோ மோருடனோ கலந்து பானமாகவும் அருந்தப்படுகிறது.

இதைச் செய்வது எளிது. அடுப்பு, மிக்சி, வடிகட்டி இருந்தால் ஒரு மணி நேரத்திற்குள் செய்து முடித்துவிடலாம். கெடாமல் வைத்திருப்பதில்தான் கவனம் தேவை. ஊறுகாயும் ஜாமும் அலமாரியில் பல மாதங்கள் இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், இதுவும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடுகின்றனர். அவ்வாறு இருக்காது. அதற்கான காரணம் மாம்பழத்தின் இனிப்பிலேயே அடங்கியுள்ளது.

பிற மாம்பழப் பண்டங்களும் சாஸும்

மாங்காயையும் மாம்பழத்தையும் பருவம் கடந்தும் பயன்படுத்தப் பல வழிகள் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. அவை ஒவ்வொன்றும் கெடாமல் நிற்பதற்குத் தனித்தனிக் காரணம் உண்டு.

மாவடு, மாங்காய் ஊறுகாய்: மிகுந்த உப்பும் காயின் இயல்பான புளிப்பும் இவற்றைக் காக்கின்றன. ஊறுகாயின் மேல் நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கிறது.

மாங்காய் வற்றல்: உப்பில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பதால் நீர் வற்றிவிடுகிறது. நீரில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்வதில்லை.

மாமிடி தாண்ட்ரா: பழக்கூழைப் பாயின் மேல் படலம் படலமாகப் பரப்பி வெயிலில் உலர்த்துவது. ஆந்திரத்தில் புகழ்பெற்றது. இதுவும் நீர் வற்றுவதால் நிற்பது.

மாம்பழ ஜாம்: மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாகும்வரை காய்ச்சப்படுகிறது. அங்குள்ள நீரைச் சர்க்கரை பிடித்துக்கொள்வதால் நுண்ணுயிர்களுக்கு நீர் கிட்டுவதில்லை.

மாம்பழச் சாஸில் உப்பு இல்லை, நீர் வற்றவில்லை, சர்க்கரையின் அளவும் ஜாமில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. எனவே மேற்கண்ட பாதுகாப்புகளில் எதுவும் இதற்கு இல்லை. புளிப்பு, வெப்பம், குளிர் ஆகிய மூன்றை மட்டுமே இது நம்பியிருக்கிறது.

பருவமும் தேவையும்

தமிழ்நாட்டில் மாம்பழப் பருவம் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூலை வரை நீடிக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் மா பரவலாகப் பயிரிடப்படுகிறது. கிருஷ்ணகிரியிலும் அதை அடுத்துள்ள ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியிலும் பழக்கூழ் ஆலைகள் பல இயங்குகின்றன.

மா ஒரே காலத்தில் காய்த்து ஒரே காலத்தில் பழுக்கும் பயிர். விளைச்சல் மிகுந்த ஆண்டுகளில் விலை சரிந்து, பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத நிலை ஏற்படுவதுண்டு. வீட்டிலும் இதே நிலைதான். கொல்லையில் ஒரு மரம் இருந்தாலும், கூடையாகப் பழம் வாங்கினாலும், நான்கைந்து நாட்களில் எல்லாம் ஒருசேரப் பழுத்துவிடும். உண்டது போக மீதி அழுகும். அந்த மீதியைப் பயன்படுத்தவே சாஸ் உதவுகிறது.

பழத்தைத் தேர்ந்தெடுத்தல்

எல்லா வகை மாம்பழத்திலும் சாஸ் செய்யலாம். ஆயினும் வகைக்கேற்பச் சுவையும் பதமும் மாறும்.

பெங்களூரா: கிளிமூக்கு, தோத்தாபுரி என்றும் அழைக்கப்படும். நீண்டு, நுனி கிளியின் மூக்குப்போல் வளைந்திருக்கும். சதை மிகுதி; இனிப்பு அளவானது. ஆலைகளில் கூழ் எடுக்க மிகுதியாகப் பயன்படுகிறது. விலையும் குறைவு.

அல்போன்சா: நிறமும் மணமும் சிறந்தது. இதன் கூழ் அடர்ந்த ஆரஞ்சு நிறம் கொண்டது. பெங்களூராவுடன் சிறிதளவு சேர்த்தாலே சாஸின் மணம் கூடும்.

பங்கனப்பள்ளி: நாரில்லாத, மிக இனிப்பான பழம். 2017ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. புளிப்பு குறைவாதலால் எலுமிச்சையின் அளவில் கவனம் தேவை.

நீலம்: பருவத்தின் கடைசியில் வருவது. கொட்டையைத் துளைக்கும் வண்டு இவ்வகையில் காணப்படுவதுண்டு. சதை கறுத்திருந்தால் அப்பழத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

நாட்டு மாம்பழம்: நார் மிகுந்தது, வடிகட்டும் வேலை கூடும். எனினும் இயல்பான புளிப்பு இருப்பதால் சாஸுக்கு நல்ல சுவை தரும்.

இலங்கையின் வட பகுதியில் கறுத்தக்கொழும்பான், அம்பலவி போன்ற வகைகள் கிடைக்கின்றன. மல்கோவா, இமாம் பசந்து போன்ற விலையுயர்ந்த பழங்களை அப்படியே உண்பதே சிறப்பு.

சாஸுக்குரிய பழம் நன்கு பழுத்திருக்க வேண்டும். ஆனால் கைக்கு உறுதியாக இருக்க வேண்டும். அழுத்தினால் குழையும் பழம், தோல் வெடித்துச் சாறு கசியும் பழம், புளித்த கள் வாடை வீசும் பழம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். "எப்படியும் கொதிக்க வைக்கப் போகிறோம்" என்று அழுகல் பழத்தைச் சேர்ப்பது தவறான பழக்கம். அழுகலில் பூஞ்சை உருவாக்கும் நச்சுகளில் சில கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை.

கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்கவைத்த பழத்தையும் தவிர்க்க வேண்டும். இக்கல் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். இதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்புகள் இருக்கக்கூடும். இந்தியாவில் பழங்களைப் பழுக்கவைக்க இதைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டுள்ளது. இப்படிப் பழுத்த பழத்தின் தோல் முழுதும் மஞ்சளாக இருந்தாலும் உள்ளே சதை வெளிறிக் காயாகவே இருப்பதுண்டு. வீட்டில் வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்துப் பழுக்கவைப்பதே நல்லது. அப்போது பழமே வெளியிடும் எத்திலீன் வாயு அங்கேயே தங்கிப் பழுத்தலை விரைவுபடுத்துகிறது.

பழுக்கும்போது நிகழ்வது

காயில் மாவுச்சத்தும் புளிப்பு அமிலங்களும் மிகுந்திருக்கும். பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, அமிலங்கள் குறைகின்றன. சதையை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் சிதைவதால் சதை மென்மையாகிறது. பச்சையம் மறைந்து, கரோட்டின் வகை நிறமிகள் மஞ்சளும் ஆரஞ்சுமாக வெளிப்படுகின்றன.

இவற்றுள் அமிலம் குறைவதே சாஸ் செய்பவர் நினைவில் கொள்ள வேண்டியது. பழம் எவ்வளவு இனிக்கிறதோ அவ்வளவுக்கு அதன் புளிப்பு குறைந்திருக்கும். நாவுக்கு மிகச் சிறந்த பழமே போத்தலில் அடைப்பதற்கு மிகுந்த கவனம் வேண்டிய பழம்.

தேவையான பொருட்கள்

மாம்பழக் கூழ் – 1 கிலோ (இதற்கு ஏறத்தாழ 2 கிலோ பழம் வேண்டும்)
சர்க்கரை – 100 கிராம்
தேன் – 4 மேசைக்கரண்டி
எலுமிச்சைச் சாறு – 3 மேசைக்கரண்டி (45 மில்லி லிட்டர்)
வைட்டமின் சி தூள், அதாவது அஸ்கார்பிக் அமிலம் – 5 கிராம்
ஏலக்காய்த் தூள் அல்லது பட்டைத் தூள் – ஒரு சிட்டிகை

தேன் இல்லையெனில் அதற்கு ஈடாக 70 கிராம் சர்க்கரை கூடுதலாகச் சேர்க்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் தரக்கூடாது. இனிப்பான பழமாக இருந்தால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம். சாஸின் பாதுகாப்பு அதனால் குறையாது. எலுமிச்சைச் சாற்றையும் வைட்டமின் சி தூளையும் குறைக்கக்கூடாது. கூழின் அளவைக் கூட்டினால் இவ்விரண்டையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும்.

வைட்டமின் சி தூளுக்குப் பதிலாக மெல்லும் மாத்திரைகளைப் பொடித்துச் சேர்ப்பது பொருத்தமன்று. அவற்றில் நிறமும் மணமும் சேர்க்கப்பட்டிருக்கும். மேலும் சிலவற்றில் வைட்டமின் சி, அமிலமாக இல்லாமல் சோடியம் உப்பாகவும் இருப்பதுண்டு. அது புளிப்பைத் தராது.

பாத்திரம் எவர்சில்வராக இருப்பது நல்லது. அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை, செம்பு ஆகியவற்றைப் புளிப்பு அரிக்கும்.

செய்முறை

1. பழங்களை ஓடும் நீரில் கழுவி, சிறிது நேரம் நீரில் ஊறவிட்டு மறுபடியும் கழுவ வேண்டும். காம்பில் கசியும் மாம்பால் தோலில் பட்டால் அரிப்பும் புண்ணும் உண்டாக்கக்கூடியது. மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகிய மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் கையுறை அணிந்து தோல் சீவலாம்.

2. காம்புப் பகுதியைச் சற்று ஆழமாக வெட்டி நீக்கிவிட்டுத் தோலைச் சீவ வேண்டும். கொட்டையின் இரு பக்கமும் சதையை வெட்டி எடுத்துத் துண்டுகளாக்க வேண்டும். கொட்டையைக் கையால் பிழிந்தால் நார் மிகுதியாகச் சேரும். கத்தியால் வழித்தெடுப்பதே நல்லது.

3. துண்டுகளை நீர் சேர்க்காமல் மிக்சியில் மையாக அரைக்க வேண்டும். நார் இருந்தால் கம்பி வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து வடிக்க வேண்டும்.

4. கூழை எடை பார்த்து, எலுமிச்சைச் சாற்றையும் வைட்டமின் சி தூளையும் உடனே கலக்க வேண்டும். தாமதித்தால் கூழ் கறுக்கத் தொடங்கும்.

5. சர்க்கரையும் தேனும் ஏலக்காய்த் தூளும் சேர்த்து, கூழின் அளவைப்போல் மூன்று மடங்கு கொள்ளும் பாத்திரத்தில் ஊற்றி மிதமான தீயில் வைக்க வேண்டும்.

6. அடி பிடிக்காமல் இடைவிடாது கிளற வேண்டும். கூழ் சூடேறும்போது குமிழிகள் வெடித்துச் சுடச்சுடத் தெறிக்கும். நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியைப் பயன்படுத்துவதும், சிறுவர்களை அடுப்பருகே விடாமல் இருப்பதும் அவசியம்.

7. கூழ் முழுவதும் 93 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்ட வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் பாத்திரத்தின் நடுவில் வைத்துப் பார்க்கலாம். இல்லையெனில், ஓரத்தில் மட்டுமன்றி நடுவிலும் குமிழிகள் தொடர்ந்து எழுவதை அடையாளமாகக் கொள்ளலாம்.

8. அடுப்பை அணைத்து, சூடாக இருக்கும்போதே சுத்தமான சூடான கண்ணாடிப் போத்தல்களில் ஊற்ற வேண்டும். இந்த அளவுக்கு 240 மில்லி லிட்டர் போத்தல்கள் நான்கு நிரம்பும்.

அன்றைக்கே உண்பதானால் சூடாக்க வேண்டியதில்லை. அரைத்த கூழில் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து குளிரவைத்துப் பரிமாறலாம். மீதியை மறுநாளைக்கு மேல் வைக்கக்கூடாது.

அறிவியல் அடிப்படை

புளிப்பு: ஒரு பொருளின் அமிலத்தன்மை பி.எச். மதிப்பால் அளக்கப்படுகிறது. மதிப்பு 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடும். ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. எலுமிச்சைச் சாற்றின் மதிப்பு 2 முதல் 2.6 வரை இருக்கும். மாம்பழத்தின் மதிப்பு வகைக்கும் பழுத்த நிலைக்கும் ஏற்ப மாறும். நன்கு கனிந்த இனிப்பு வகைகளில் அது 5க்கு மேலும் செல்லக்கூடும்.

உணவைப் பதப்படுத்துவோர் 4.6 என்ற மதிப்பை எல்லைக்கோடாகக் கொள்கின்றனர். காரணம், கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிர். இது மண்ணில் பரவலாக இருப்பது. இதன் வித்துகள் நீர் கொதிக்கும் வெப்பத்திலும் சாவதில்லை. காற்றில்லாத, ஈரமான, புளிப்பு குறைந்த இடம் கிடைத்தால் அவை முளைத்துக் கொடிய நச்சை உண்டாக்கும். மூடி இறுகிய போத்தல் அத்தகைய காற்றில்லா இடமே. பார்வை மங்குதல், இமை தொங்குதல், நாக்குழறல், தசைகள் செயலிழத்தல் ஆகியவை இந்நச்சின் அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குச் செல்லாவிட்டால் மூச்சு நின்று உயிர்போகும். நச்சு கலந்த உணவில் வாடையோ சுவை மாற்றமோ தெரியாமலும் இருக்கலாம்.

பி.எச். மதிப்பு 4.6க்குக் கீழே இருந்தால் இவ்வித்துகள் முளைப்பதில்லை. மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சுவைக்காக மட்டும் சேர்க்கப்படவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

வெப்பம்: சூடாக்குவது ஈஸ்ட், பூஞ்சை, பிற பாக்டீரியா ஆகியவற்றை அழிக்கிறது. புளிப்பு மிகுந்த உணவில் இவை சாதாரணக் கொதிநிலையிலேயே எளிதில் அழிகின்றன. ஆகவே புளிப்பும் வெப்பமும் ஒன்றுக்கொன்று துணை. புளிப்பு இல்லாத வெப்பம் வித்துகளை விட்டுவைக்கும். வெப்பம் இல்லாத புளிப்பு ஈஸ்டையும் பூஞ்சையையும் விட்டுவைக்கும்.

சர்க்கரை: மாம்பழத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 14 கிராம் சர்க்கரை இயல்பாகவே உண்டு. மேற்சொன்ன அளவில் சர்க்கரையும் தேனும் சேர்த்த பின்னும் மொத்தச் சர்க்கரை நூற்றுக்கு 30ஐத் தொடுவதில்லை. இந்த அளவு ஈஸ்டுக்கு நல்ல உணவாகும். அதைத் தடுக்கும் அளவன்று. "சர்க்கரை போட்டிருக்கிறது, கெடாது" என்னும் எண்ணம் ஜாமுக்குப் பொருந்தும், சாஸுக்குப் பொருந்தாது.

நிறம்: வெட்டிய மாம்பழத்தில் உள்ள நொதிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து சதையைப் பழுப்பாக்குகின்றன. வைட்டமின் சி இதைத் தடுக்கிறது. சூடாக்கியதும் நொதிகள் செயலிழப்பதால் நிறம் நிலைக்கிறது. செயற்கை நிறம் சேர்க்கத் தேவையில்லை.

சேமிக்கும் முறைகள்

குளிர்பதனப் பெட்டியில்: சூடாறிய பின் மூடி, குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரை பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் உலர்ந்த சுத்தமான கரண்டியால் எடுக்க வேண்டும். மின்தடை மிகுந்த ஊர்களில் இக்காலத்தை இன்னும் குறைத்துக்கொள்வது நல்லது.

உறைபெட்டியில்: வீட்டுக்கு இதுவே மிக எளிய, பாதுகாப்பான வழி. ஆறிய சாஸைச் சிறு டப்பாக்களிலோ ஐஸ் தட்டுகளிலோ ஊற்றி உறையவைக்கலாம். உறையும்போது விரிவடையும் என்பதால் மேலே ஒரு விரற்கடை இடம் விட வேண்டும். கழித்தல் 18 டிகிரியில் ஆறு மாதம் வரை சுவை குன்றாமல் இருக்கும். உருகிய பின் மறுபடியும் உறையவைக்கக்கூடாது.

அறை வெப்பத்தில்: அலமாரியில் வைப்பதானால் போத்தலோடு கொதிநீரில் வேகவைத்து மூட வேண்டும். இதற்கு வீட்டில் பிழிந்த சாற்றைவிட, புளிப்பின் அளவு மாறாத கடைப் போத்தல் எலுமிச்சைச் சாறே ஏற்றது. பழத்தில் பிழியும் சாற்றின் புளிப்பு ஒவ்வொரு பழத்திலும் வேறுபடும்.

சூடான சாஸைச் சூடான போத்தலில் ஊற்றி, மேலே அரை சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியாக இடம் விட்டு, உள்ளிருக்கும் காற்றுக் குமிழிகளை நீக்கி, வாயைத் துடைத்துப் புதிய மூடியால் மூட வேண்டும். அகன்ற பாத்திரத்தின் அடியில் தடித்த துணியை விரித்து, சூடான நீரில் போத்தல்களை நிறுத்த வேண்டும். நீர் மூடிக்கு மேல் 2.5 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகே நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

கொதிக்கும் நேரம் ஊரின் உயரத்தைப் பொறுத்தது. உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். உதகமண்டலத்தில் 93 டிகிரியை ஒட்டியே நீர் கொதிக்கிறது. எனவே நேரத்தைக் கூட்டி அதை ஈடுசெய்ய வேண்டும். 240 மில்லி லிட்டர் போத்தல்களுக்கான நேரம்:

கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் வரை (சென்னை, மதுரை, திருச்சி, யாழ்ப்பாணம் போன்றவை) – 15 நிமிடம்
300 முதல் 1800 மீட்டர் வரை (கோயம்புத்தூர், ஓசூர், ஏற்காடு போன்றவை) – 20 நிமிடம்
1800 மீட்டருக்கு மேல் (கொடைக்கானல், உதகமண்டலம் போன்றவை) – 25 நிமிடம்

இதைவிடப் பெரிய போத்தல்களுக்கு இந்நேரம் போதாது. வெப்பம் நடுவரை செல்ல மேலும் காலமாகும். வெளியே எடுத்த போத்தல்களைக் காற்று வீசாத இடத்தில் துணியின் மேல் வைத்து ஆறவிட வேண்டும். மறுநாள் மூடியின் நடுப்பகுதி உள்வாங்கி இருக்க வேண்டும்; விரலால் அழுத்தினால் "டிக்" என்று எழும்பக்கூடாது. எழும்பினால் காற்றுப் புகுந்துள்ளது என்று பொருள். அப்போத்தலைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். சரியாக மூடிய போத்தலை வெளிச்சம் படாத இடத்தில் ஓராண்டு வரை வைக்கலாம். திறந்த பின் அதுவும் குளிர்பெட்டிக்கே செல்ல வேண்டும்.

பொதுவாக நேரும் தவறுகள்

பழைய மூடிகளைப் பயன்படுத்துதல்: பானத்தூள், ஜாம் வந்த போத்தல்களைக் கழுவி மறுபடியும் பயன்படுத்துவது பல வீடுகளில் வழக்கம். குளிர்பெட்டியில் வைப்பதற்கு அவை போதும். ஆனால் ஒருமுறை இறுகித் திறந்த மூடியின் உள்வளையம் மறுமுறை காற்றுப் புகாமல் மூடாது.

போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தல்: சூடான சாஸை ஊற்றி மூடிக் கவிழ்த்து வைத்தாலே போதும் என்று சிலர் கருதுகின்றனர். மூடி ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் உள்ளே தேவையான அளவு வெப்பம் நீடிப்பதில்லை.

காரச் சாஸாக மாற்றுதல்: பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, வெங்காயம் சேர்த்தால் மாம்பழச் சாஸ் நல்ல தொடுகறியாகும். ஆனால் இவை புளிப்பில்லாத பொருட்கள்; சேர்க்கும்போது மொத்தப் புளிப்பு குறைந்துவிடும். பூண்டும் இஞ்சியும் மண்ணோடு தொடர்புடையவை என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே காரச் சாஸைக் குளிர்பெட்டியில் மட்டுமே வைக்க வேண்டும், அலமாரிக்கு உகந்ததன்று.

கெட்டியாவதற்கு மாவு சேர்த்தல்: சோள மாவு கரைத்து ஊற்றினால் உடனே கெட்டியாகும். ஆனால் கெட்டியான கூழின் நடுவே வெப்பம் மெதுவாகவே செல்லும். அலமாரியில் வைக்கும் சாஸில் மாவு சேர்க்கவே கூடாது. பரிமாறும் வேளையில் சேர்த்துக்கொள்ளலாம்.

கெட்டதை அறிதல்

மூடி உப்பியிருத்தல், திறக்கும்போது காற்றுப் பீறிடுதல், நுரை, கள் வாடை, மேலே பூஞ்சை படர்தல் ஆகியவை சாஸ் கெட்டதன் அடையாளங்கள். பூஞ்சையை மட்டும் வழித்தெறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தக்கூடாது. பூஞ்சை, சாஸின் அமிலத்தையும் உண்டு புளிப்பைக் குறைத்துவிடும். அதனால் அடியில் உள்ள பகுதியும் ஆபத்தானதாகலாம். ஐயம் ஏற்பட்டால் நாவில் வைத்துச் சோதிக்காமல் அப்புறப்படுத்திவிட வேண்டும். ஒரு போத்தல் சாஸின் விலை, மருத்துவச் செலவோடு ஒப்பிடத்தக்கதன்று.

ஊட்டச்சத்து

100 கிராம் மாம்பழத்தில் ஏறத்தாழ 60 கிலோகலோரி ஆற்றலும் 36 மில்லிகிராம் வைட்டமின் சியும் உள்ளன. பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. இது சூடாக்குவதால் பெரிதும் குறைவதில்லை. இயல்பான வைட்டமின் சியில் ஒரு பகுதி வெப்பத்தால் அழிகிறது. சர்க்கரை சேர்க்கப்படுவதால் சாஸின் ஆற்றல் பழத்தைவிடக் கூடுதல். நீரிழிவு உள்ளவர்கள் இதை மிகக் குறைவாகவே உண்ண வேண்டும். முழுப் பழத்தை உண்ணும்போது கிடைக்கும் நார்ச்சத்தின் ஒரு பகுதி வடிகட்டும்போது நீங்கிவிடுகிறது என்பதையும் கருத வேண்டும்.

மாணவர்களுக்கான சிறு சோதனை

கிளிமூக்கு மாங்காய், அரைப்பழம், நன்கு கனிந்த பழம் ஆகிய மூன்றிலிருந்தும் ஒரு தேக்கரண்டிச் சாறு எடுத்து, பி.எச். தாளில் தனித்தனியே ஒரு துளி விட்டு, நிற அட்டையுடன் ஒப்பிடலாம். பழச்சாற்றின் மஞ்சள் நிறம் குழப்பாமலிருக்க, தாளின் பின்பக்கத்தில் ஊறிவரும் நிறத்தைப் பார்க்க வேண்டும். பின்னர்க் கனிந்த பழச்சாற்றில் மூன்று துளி எலுமிச்சைச் சாறு கலந்து மறுபடியும் சோதிக்கலாம். நாவுக்கு இனிப்பாகவே தோன்றும் சாற்றில் புளிப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைத் தாளின் நிறம் காட்டும். துல்லியமான அளவுக்குப் பி.எச். மானியே வேண்டும், போத்தலில் அடைக்கும் சாஸைத் தாளை நம்பி முடிவு செய்யக்கூடாது.

பயன்பாடு

தயிரில் இரண்டு கரண்டி சாஸ் கலந்து குளிரவைத்தால் கோடைக்கேற்ற இனிப்புத் தயிராகும். குளிர்ந்த பாலில் கலந்து அடித்தால் மாம்பழப் பானம் கிடைக்கும். சேமியாப் பாயசம், ரவா கேசரி ஆகியவற்றில் இறக்கிய பின் சேர்க்கலாம். கொதிக்கும் பாலில் ஊற்றினால் எலுமிச்சையின் புளிப்பால் பால் திரிந்துவிடும். குழந்தைகளுக்குத் தோசையுடனும் சப்பாத்தியுடனும் தொட்டுக்கொள்ளக் கொடுக்கலாம்.